வலம் வராத வண்டி

என் மூத்தார் முருகேசன் ஒரு முடிச்சுப் போட்டால் அதை வேறு யாராலும் அவிழ்க்க முடியாது. பிள்ளையார்பாளையத்தில் எந்தத் தெருவில் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். தறியில் ஓடி முடிந்த பாவின் நீளவாட்டு இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பிணைப்பதுதான் அவர் தொழில். அவர் பிணைத்த பாவில் ஒரு முடிச்சு நழுவிவிட்டது என்று எந்தத் தறிக்காரரும் எங்கள் வாசலில் வந்து நின்றதில்லை. அவிழ்க்க வேண்டுமென்றால் அவரே வந்து கட்டைவிரல் நகத்தால் ஒரு நெருடு நெருடுவார். முடிச்சு வாயைப் பிளந்துவிடும்.

அவருக்கு இன்னொரு குணமும் உண்டு. எதுவாவது தொய்ந்து கிடந்தால் பொறுக்காது. கொடிக்கயிறு தொய்ந்தால் இழுத்துக் கட்டுவார். சாமி படத்து மாலை தொங்கினால் அதையும் இழுத்துக் கட்டுவார். தறியில் அது நியாயம்தான். பாவு தொய்ந்தால் குறுக்கே ஓடும் நாடா இழையில் மாட்டும், இழை அறும், நெய்தது வீணாகும். இறுக்கமாக நிற்கும் இழைதான் பிழைக்கும் என்று அவர் கைக்குத் தெரியும். அந்தக் கைக்கு அது ஒன்றுதான் தெரியும். எங்கள் வினை அங்கேதான் ஆரம்பித்தது.

என் வீட்டுக்காரர் தணிகாசலம் அவருக்குத் தம்பி. நெய்த புடவைகளைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் நூல் வாங்கி வருவதும் இவர் வேலை. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரையிடமிருந்து இவர் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி வந்தார். அப்போது எங்கள் தெருவில் சைக்கிளே எண்ணி நாலைந்துதான். வண்டி வந்து நின்றதும் குழந்தைகள் ஓடி ஒளிந்தன, கிழவர்கள் முகம் சுளித்தார்கள், நான் உள்ளூரப் பூரித்துப்போனேன். பொய் சொல்வானேன், என் புருஷன் அதில் உட்கார்ந்து வந்த அழகு எனக்குப் பிடித்திருந்தது.

துரை வைத்திருந்த மின்சாரக் கம்பிகள் எல்லாம் உளுத்திருந்தன. அதைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தது சின்னக் காஞ்சிபுரத்துப் பாச்சா. வைஷ்ணவக் குடும்பத்துப் பிள்ளை. வேதபாடசாலையை விட்டுவிட்டுப் பட்டணத்தில் மோட்டார் பட்டறையில் சேர்ந்துவிட்டான் என்று வீட்டில் அவனோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. லீவில் வந்திருந்தவன் எங்கள் நடையில் உட்கார்ந்து நாள் முழுக்க வேலை செய்தான். மோர் கொண்டு வைக்கப் போன நான் அவன் சொன்னதை நின்று கேட்டேன்.

"இதோ பாருங்கோ," என்று அவன் ஹாண்டிலின் கழுத்தருகே கம்பியில் விட்டிருந்த வளையத்தைத் தொட்டுக் காட்டினான். "பாட்டரி இருந்த எடத்துலேயே இருக்கும். வெளக்கு ஹாண்டிலோட திரும்பும். நடுவுல இருக்கிற வயருக்கு ரெண்டு பக்கமும் போய்வர எடம் வேணுமோல்லியோ? அதான் தளர்வா விட்டிருக்கேன். பாக்க அழகா இல்லேன்னு யாரும் இழுத்துக் கட்டிடப்படாது."

"கட்டினா?" என்றார் என் வீட்டுக்காரர், பெட்ரோல் டாங்கியைத் துடைத்துக்கொண்டே.

"மேல துணி அப்படியே இருக்கும். உள்ள செப்பு எழை ஒவ்வொண்ணா அறுந்துண்டே வரும். வெளில ஒண்ணும் தெரியாது. சுவிட்சு இந்த வெளக்கு மண்டையிலதான் இருக்கு. வயர் போனா வெளக்கு மட்டும் இல்லே, எஞ்சினே நின்னுடும்."

இவர் தலையை ஆட்டினார். மூத்தார் அப்போது அடுத்த தெருவில் பாவு பிணைக்கப் போயிருந்தார். அவரிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பாச்சா பட்டணம் போய்ச் சேர்ந்த மறுவாரம் ஆயுத பூஜை வந்தது. தறியைத் துடைத்து, நாடாவுக்கும் அச்சுக்கும் சந்தனம் வைத்து, மோட்டார் சைக்கிளையும் பக்கத்தில் நிறுத்தினோம். மூத்தார் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்தவர் வண்டியின் முன்னால் நின்றுவிட்டார்.

"இன்னாடா தணிகா இது, ஆட்டுக் கொடலு மாதிரி தொங்கிக்கினு இருக்குது? எங்கனா மாட்டி அறுந்துறப் போவுதுபா."

இவர் வாசலில் யாரையோ வரவேற்றுக்கொண்டிருந்தார். மூத்தார் இடுப்பிலிருந்து முறுக்குப் பட்டு நூலை எடுத்தார். வண்டி சாய்ந்து நின்றதால் ஹாண்டில் இடது பக்கம் திரும்பிக் கிடந்தது. கம்பியை அந்த நிலையிலேயே இழுத்து, வண்டியின் முதுகெலும்புக் குழாயோடு சேர்த்து, ஒழுங்காக வரிந்து கட்டினார். கட்டியதை ஒருமுறை சுண்டிப் பார்த்தார். அது பாவு இழையைப் போல நிமிர்ந்து நின்றது. அவர் முகத்தில் திருப்தி. நான் கற்பூரத் தட்டோடு பின்னால் நின்றேன். மூத்தாருக்கு எதிரில் நின்று பேசும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

மறுநாள் விஜயதசமி. வண்டியை ஏகாம்பரநாதர் கோயில் மாட வீதியில் ஒருமுறை வலம் வரச் செய்வது என்று ஏற்பாடு. மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, வண்டி மெதுவாகப் புறப்பட்டது. பின்னாலேயே நாங்கள். முதல் முனையில் வலப்பக்கம் திரும்பியதும் எஞ்சின் ஒரு விக்கல் விக்கி நின்றது. இவர் ஹாண்டிலை நேராக்கி உதைத்தார், உடனே கிளம்பிவிட்டது. இரண்டாவது முனையிலும் நின்றது. மூன்றாவதிலும் நின்றது. ஜனங்கள் வீட்டு வாசல்களில் கூடிவிட்டார்கள். நாலாவது முனைக்கு வண்டி வருவதற்குள் தெருவே வாயை மூடிக்கொண்டு காத்திருந்தது. அங்கேயும் நின்றது.

"சாமிய வலம் வர மாட்டேங்குதேபா," என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. அவ்வளவு போதாதா? பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அந்தத் துரை வண்டியை ஒரு பிணத்தின் மேல் ஏற்றியவன் என்றார்கள். துரைசானி அதில் உட்கார்ந்து போன மறுமாதமே செத்தாள் என்றார்கள். துரையை ஒருத்தரும் கண்ணால் பார்த்ததில்லை. துரைசானி இருந்தாளா என்பதே யாருக்கும் தெரியாது.

அடுத்து வந்த நாட்களில் வண்டி இன்னும் இரண்டு மூன்று இடங்களில் நின்றது. அதில் ஒன்று சுடுகாட்டுப் பாதை பிரியும் இடம். எல்லாரும் சுடுகாட்டைப் பார்த்தார்கள். அங்கேயும் இவர் வலப்பக்கம்தான் திரும்பினார் என்பதை நான் பார்த்தேன். நேர் ரோட்டில் அது குதிரையாகப் பறந்தது, இடப்பக்கம் திரும்பினால் ஒன்றுமில்லை. எனக்குப் பாச்சா சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனால் அதற்குள் மூத்தார் அம்மன் கோயிலுக்குப் போய்ப் பூசாரியிடம் காப்புக்கயிறு மந்திரித்து வாங்கி வந்துவிட்டார். மனிதனுக்கு மணிக்கட்டில் கட்டுவதை வண்டிக்கு எங்கே கட்டுவது? கழுத்தில்தான் கட்ட வேண்டும் என்று அவரே முடிவு செய்தார். ஏற்கெனவே கட்டிய கட்டின் மேலேயே மஞ்சள் கயிற்றைச் சுற்றி இன்னும் ஒரு இறுக்கு இறுக்கினார்.

அதற்குப் பிறகு நேராகப் போகும்போதே விளக்கு கண் சிமிட்டத் தொடங்கியது. வண்டிக்குள் ஏதோ வந்து உட்கார்ந்துவிட்டது என்று தெருவில் உறுதியாகிவிட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் மூத்தார் வெளியே போன சமயம் இவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து வண்டி முன்னால் நிறுத்தினேன்.

"வெளக்கப் போடுங்க."

போட்டார். நான் ஹாண்டிலைப் பிடித்து இடப்பக்கம் தள்ளினேன். விளக்கு பளிச்சென்று எரிந்தது. வலப்பக்கம் திருப்பினேன். கம்பி விறைத்தது, விளக்கு அணைந்தது. மறுபடி இடப்பக்கம், எரிந்தது. மறுபடி வலப்பக்கம், அணைந்தது.

"எந்தப் பேயிங்க இது, நான் திருப்பினாத் திரும்புது?" என்றேன்.

இவர் முகம் சுண்டிப்போனது. அவிழ்க்கப் பார்த்தார், அவிழுமா? கடைசியில் கத்தியால் கட்டை அறுத்துக் கம்பியை விடுவித்தார். பழையபடி வளையம் தொங்கியது. காப்புக்கயிற்றை மட்டும் குழாயைச் சுற்றி, கம்பியைத் தொடாமல், அதே மாதிரி தெரியும்படி முடிந்துவைத்தார். நான் கம்பியை விரலால் நீவிப் பார்த்தேன். நாங்கள் நெசவுக்காரக் குடும்பத்துப் பெண்கள், துணிக்குள் இழை அறுந்த இடம் எங்கள் விரலுக்குத் தெரியும். ஓரிடத்தில் உறைக்குள்ளே மெத்தென்று இருந்தது.

"உள்ள பாதி போயிட்டிருக்குது. பாச்சா வந்தா மாத்தச் சொல்லணும்."

"காத்திகை தீபத்துக்கு வருவான். மாத்திறலாம்."

"உங்க அண்ணனாண்ட இத்தச் சொல்லிடுங்க."

"வேணாம் வடிவு. அவரு மனசு நோவும்."

"நோவட்டுமே!"

"ஊரே பாத்துக்கினு இருக்குது. 'நீ கட்டினதாலதான் வண்டி நின்னுச்சு'ன்னு நான் அவரு மூஞ்சியில எப்பிடிச் சொல்வேன்? அப்பா ஸ்தானத்துல இருக்கிறவரு. சரியாயிடுச்சு இல்ல, வுடு."

எங்கள் வீட்டில் மரியாதைக்கு மட்டும் ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை. அந்த மரியாதையை எடுத்து அடுப்பில் போட வேண்டும் போல எனக்கு எரிந்தது. நானே மூத்தாரின் பெண்சாதி, என் ஓரகத்தி பூவம்மாள் அக்காவிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். சொன்னால் என்னோடு பேசவே மாட்டேன் என்று சத்தியம் செய்தார்.

வந்த வெள்ளிக்கிழமை வண்டி மாட வீதியை வலம் வந்தது. நாலு முனையிலும் ஒரு விக்கல்கூட இல்லை. ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "பாத்தியா, காப்பு வேல செஞ்சிடுச்சு!" மூத்தார் கண்ணில் தண்ணீர் நின்றது. அன்று அம்மனுக்குப் பொங்கல் வைத்தோம். என் வீட்டுக்காரர் எல்லாரோடும் சேர்ந்து கும்பிட்டார். என்னைப் பார்த்தபோது மட்டும் பார்வையைத் தழைத்துக்கொண்டார்.

கார்த்திகை பிறந்து மழை பிடித்துக்கொண்டது. வாலாஜாபாத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் கல்யாணம். முகூர்த்தப் புடவை எங்கள் தறியில் நெய்தது. அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்தாக வேண்டும். மத்தியானம் மழை சற்று விட்ட நேரத்தில் இவர் வண்டியை எடுக்கப் போனார். போனவர் முகம் வெளுத்துத் திரும்பி வந்தார்.

வண்டியின் கழுத்தில் புதுக் கட்டு. இந்தத் தடவை பட்டுநூல் இல்லை, பட்டோடு சரிகையும் சேர்த்து முறுக்கிய கயிறு. கம்பி மறுபடி விறைத்து நின்றது.

பூவம்மாள் அக்கா சிரித்துக்கொண்டே வந்தார். "காலையில பாத்தாரு உங்க மூத்தாரு. காப்பு தளந்து போயி வயரு தொங்கிக்கினு இருந்துச்சாம். எலி கடிச்சிருக்கும்னாரு. எலி பல்லுக்கு மசியக் கூடாதுன்னு சரிகை சேத்துக் கட்டிட்டாரு. இனிமே ஜென்மத்துக்கும் அவுறாது."

நான் இவரைப் பார்த்தேன். அறுத்துவிட்டுப் போங்கள் என்று கண்ணால் கெஞ்சினேன். இவர் உதட்டசைவில், தெரு தாண்டியதும் அறுத்துவிடுகிறேன் என்றார். அந்த நேரம் பார்த்து மூத்தார் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, மெழுகுத்துணியில் சுற்றிய புடவை மூட்டையோடு உள்ளேயிருந்து வந்தார்.

"நானும் வரேன் தணிகா. மொத தடவ முகூர்த்தப் பொடவ இந்த வண்டியில போவுது. சுபகாரியம் இல்லியா."

மூட்டையைக் கேரியரில் வைத்து அவரே கயிறு போட்டுக் கட்டினார். சுண்டிப் பார்த்தார். பிறகு அதற்கு முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டு என் வீட்டுக்காரரின் தோளைப் பிடித்தார்.

இவர் வண்டியை உதைக்கக் குனிந்தபோது என் காதருகில் சொன்னார். "தண்டவாளத்துக்கிட்ட எறங்கித் தள்ளிக்கறேன். பயப்படாத."

அந்த வழி எனக்குத் தெரியும். என் தாய்வீட்டுக்குப் போகும் வழியும் அதுதான். பாதை ரயில் தண்டவாளத்தை ஒட்டியே வெகுதூரம் போகும். ஓரிடத்தில் செம்மண் மேட்டில் ஏறி, சட்டென்று வலப்பக்கம் ஒடிந்து தண்டவாளத்தைத் தாண்டும். கதவும் கிடையாது, காவலாளும் கிடையாது. மாட்டுவண்டிக்காரன்கூட இறங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் மாட்டைத் தட்டுவான்.

வண்டி தெருக்கோடியில் இடப்பக்கம் திரும்பி மறைந்தது. சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. நான் வாசலை விட்டு நகரவில்லை. அக்கா, பாவுக்கு நூல் எடுக்க வா என்று கூப்பிட்டார். போய் உட்கார்ந்தேன். கையில் எடுத்த இழையெல்லாம் அறுந்தது. "இன்னாம்மா ஆச்சு ஒனக்கு?" என்று அவர் கேட்டபோது சொல்லிவிடலாம் என்று வாய்வரைக்கும் வந்தது. சத்தியம் வாயை அடைத்தது. இதற்குள் இறங்கியிருப்பார், இதற்குள் தள்ளியிருப்பார் என்று மனசு வழியெல்லாம் அவர் பின்னாலேயே ஓடியது. மழை மறுபடி பிடித்தது. எங்கோ தூரத்தில் ரயில் கூவியது. வழக்கமாக ஒருமுறை கூவிவிட்டு நிறுத்தும். அன்றைக்கு நிறுத்தாமல் கூவிக்கொண்டே இருந்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. அதில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார், மேலெல்லாம் சேறு. வண்டிக்குள் வைக்கோலின் மேல் மெழுகுத்துணியைப் போட்டு மூடியிருந்தது. பூவம்மாள் அக்கா அந்தத் துணியைப் பார்த்தார். யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நடந்ததை இவர் எனக்குச் சொன்னது வெகுநாள் கழித்துத்தான். தண்டவாளத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தியிருக்கிறார். இறங்கித் தள்ளலாம் என்றிருக்கிறார். "எதுக்குடா சேத்துல எறங்கணும்? காப்புதான் இருக்குதே, போ," என்று மூத்தார் தோளைத் தட்டியிருக்கிறார். இவர் அண்ணன் பேச்சை ஒருநாளும் தட்டியதில்லை. அன்றைக்கும் தட்டவில்லை. மேடேறி வலப்பக்கம் ஒடித்ததும் எஞ்சின் நின்றது. வண்டி சறுக்கி, முன்சக்கரம் தண்டவாளத்துக்கும் கல்லுக்கும் நடுவில் போய்ச் செருகிக்கொண்டது. ஹாண்டிலை நேராக்கி உதைத்துப் பார்த்தார், உயிர் வரவில்லை. கம்பி இந்தத் தடவை முழுசாகவே அறுந்துவிட்டிருந்தது. இரண்டு பேரும் இழுத்தார்கள். அப்போது ரயில் கூவியது. இவர் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தார். அவர் கையை உதறிவிட்டுத் திரும்பினார்.

"முகூர்த்தப் பொடவடா!"

கேரியரில் அவர் கட்டிய முடிச்சு. அவர் நகம் பட்டால் வாயைப் பிளக்கும் முடிச்சு. ஆனால் கயிறு மழையில் ஊறிப்போயிருந்தது. அன்றைக்கு அது அவருக்கே மசியவில்லை. அவர் குனிந்து நெருடிக்கொண்டே இருந்தார் என்றார் இவர். ரயிலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம்.

காரியம் முடிந்த அன்று யாரோ புண்ணியவான் தண்டவாளத்து ஓரத்தில் கிடந்தது என்று வண்டியின் விளக்கைக் கொண்டுவந்து கொடுத்தான். கண்ணாடி நொறுங்கியிருந்தது. ஒடிந்த குழாய்த் துண்டும் கம்பியும் அதோடு ஒட்டிக்கொண்டிருந்தன. சரிகைக் கட்டு போட்டது போட்டபடி இருந்தது. கட்டுக்கு ஒரு விரற்கடை தள்ளிக் கம்பியின் உறை கிழிந்து செப்பு நுனிகள் தெரிந்தன. வந்திருந்த உறவுக்காரர்கள் யாரும் அந்த நுனிகளைப் பார்க்கவில்லை.

"இத்தினி நடந்தும் காப்பு அவுறல பாருமா! அதனாலதான் சின்னவன் பொழச்சான்," என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி ஓடிப்போய் மஞ்சளும் குங்குமமும் கொண்டுவந்து முடிச்சின் மேல் வைத்தாள். சாமி மாடத்தில் அதை வைத்து விளக்கேற்றினார்கள். என் வீட்டுக்காரர் வாசற்படியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். கும்பிட்டுக் கும்பிட்டுப் போனவர்களைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எல்லாரும் போன பிறகு பூவம்மாள் அக்கா மூலையில் சுருண்டு உட்கார்ந்திருந்தார். நெற்றி வெறுமையாக இருந்தது. சத்தியமாவது ஒன்றாவது என்று போய் அவர் எதிரில் உட்கார்ந்தேன். மாடத்திலிருந்து அந்த வண்டி விளக்கை எடுத்து அவர் மடியில் வைத்தேன். பாச்சா சொன்னது, நான் ஹாண்டிலைத் திருப்பிக் காட்டியது, இவர் கட்டை அறுத்தது, அண்ணன் மனசு நோகக் கூடாது என்று வாயைக் கட்டிப்போட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார், இல்லை வீட்டை விட்டுப் போகச் சொல்வார் என்று நினைத்தேன். எது வந்தாலும் வரட்டும் என்று இருந்தேன்.

அக்கா அந்த முடிச்சைத் தடவினார். நகத்தால் ஒருமுறை நெருடிப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"அவரு கோச்சுக்கிற ஆளாம்மா? தப்பாக் கட்டிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, சிரிச்சிக்கினே வந்து அவரே அவுத்து வுட்டிருப்பாரே. அவரு போட்டத அவருக்குத்தானம்மா அவுக்கத் தெரியும்."

வாசற்படிக்கு அது நன்றாகக் கேட்டிருக்கும். என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை.